வெளிறும் விரல்கள்: குளிரும் குருதியோட்டமும்

ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த பழந்தமிழர், அவற்றுள் இரண்டைப் பனிக்கே ஒதுக்கினர். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். அவற்றுக்கு முன்வரும் கூதிர்க்காலத்தின் கடுமையைப் பாடவந்த நக்கீரர், தம் நெடுநல்வாடையின் தொடக்கத்திலேயே, குளிர் தாங்காத கோவலர் கையில் நெருப்புக் கொண்டும் நடுங்கி நிற்கும் காட்சியை அமைத்துள்ளார். வெயிலுக்குப் பெயர்பெற்ற நாட்டில் வாழ்ந்தவராயினும், குளிர் முதலில் தேடி வருவது கைகளையே என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் கொல்லிமலையும் காவல் நிற்க, இடையே வசிட்ட நதி பாயும் நிலம் நம் ஆத்தூர். இங்கே பனிப்பொழிவு இல்லை. நீர் உறைவதும் இல்லை. மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் கீழே இறங்கினால் அதுவே பெருங்குளிர். எனவே, குளிரால் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் ஒன்று உண்டு என்றால், "அது காசுமீரத்தார் கவலை, நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும். அந்த எண்ணம் சரியன்று. இந்நோய்க்கு உறைபனி வேண்டுவதில்லை. விடியற்காலைக் கிணற்றுநீரும், ஏர்க்காட்டுக் காற்றும், குளிரூட்டிய அறையும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பாத்திரமும் போதும். வெப்ப நாட்டில் வாழ்வதனாலேயே நாம் இதனை அடையாளம் காணத் தவறுகிறோம். அந்தத் தவறுதலால் சிலர் வீணாக அஞ்சுகின்றனர். வேறு சிலர் அஞ்ச வேண்டிய நேரத்தில் அசட்டையாக இருந்து விரலை இழக்கின்றனர். இவ்விரு கேடுகளையும் தவிர்க்கும் அளவுக்கு இந்நோயைத் தெரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைவிரலும் குருதியோட்டமும்

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியசு. மூளை, இதயம், ஈரல் முதலிய உள்ளுறுப்புகள் செவ்வனே இயங்க இவ்வெப்பம் மாறாதிருத்தல் வேண்டும். வெளியே குளிர் மிகும்போது, தோலின் வழியே வெப்பம் வெளியேறாதபடி உடல் ஓர் ஏற்பாட்டைச் செய்கிறது. தோலுக்குக் குருதி கொண்டுவரும் நுண்தமனிகள் சுருங்குகின்றன. குருதி உள்ளே திரும்புகிறது. உள்ளுறுப்புகளின் வெப்பம் காக்கப்படுகிறது.

இவ்வேற்பாட்டில் கைவிரல்களுக்கும் கால்விரல்களுக்கும் தனியிடம் உண்டு. விரல்நுனி, உள்ளங்கை, உள்ளங்கால், மூக்குநுனி, காதுமடல் ஆகிய இடங்களில் தமனியையும் சிரையையும் நேரே இணைக்கும் சிறு குறுக்குவழிகள் மிகுதியாக உள்ளன. வெயில் காலத்தில் அவை திறந்துகொள்ள, குருதி தாராளமாகப் பாய்ந்து வெப்பத்தை வெளியே விடுகிறது. குளிர் காலத்தில் அவை மூடிக்கொள்கின்றன. மதகைத் திறந்தும் அடைத்தும் ஏரிநீரை ஆள்வது போல உடல் தன் வெப்பத்தை ஆள்கிறது எனலாம். அம்மதகை இயக்குவது பரிவு நரம்பு மண்டலம். அச்சம், சினம், பதற்றம் ஆகியவை தோன்றும்போதும் இதே மண்டலம் விழித்தெழுகிறது. தேர்வு மண்டபத்தில் அமர்ந்த மாணவரின் கை சில்லிட்டுப் போவதற்குக் காரணம் இதுவே.

குளிரில் எல்லார்க்கும் கை சில்லிடும், அது இயல்பு. ஆனால் சிலருக்கு இம்மதகு அளவுக்கு மீறி, திடீரென, முற்றிலும் அடைபட்டுவிடுகிறது. விரலுக்குச் செல்லும் குருதி சிறிது நேரம் நின்றே போகிறது. அதுவே நாம் இங்கு விளக்கப் புகுந்த நோய்.

ரேனோ கண்ட மூன்று நிறங்கள்

பிரெஞ்சு நாட்டு மருத்துவர் மோரீசு ரேனோ, 1862ஆம் ஆண்டு பாரிசில் தம் மருத்துவப் பட்டத்திற்கு அளித்த ஆய்வேட்டில் இந்நோயை முறையாக விளக்கினார். அவர் பெயராலேயே இது இன்றும் வழங்குகிறது. நம் மருத்துவர்கள் பேச்சு வழக்கில் 'ரேனாட்ஸ்' என்பர்.

இதன் அடையாளம் நிறமாற்றம். குளிர் பட்டவுடன் ஒரு விரலோ பல விரல்களோ வெண்மையாகின்றன. குருதி நின்றதன் விளைவு இது. சற்று நேரத்தில் நீலம் பாரிக்கிறது. தேங்கிய குருதியில் உயிர்வளி தீர்ந்துபோனதன் விளைவு. பின்னர் வெதுவெதுப்பு ஏற ஏறக் குருதி திரும்பிப் பாய, விரல் சிவந்து, துடித்து, குத்துவது போலும் எரிவது போலும் வலிக்கிறது. சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை இது நீடிக்கலாம். மூன்று நிறங்களும் எல்லாரிடமும் வரிசையாகத் தோன்ற வேண்டும் என்பதில்லை. வெண்மை மட்டுமோ, வெண்மையும் நீலமும் மட்டுமோ தோன்றுவதுண்டு. கட்டைவிரல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

இங்கே நம்மவர் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேலை நாட்டு மருத்துவ நூல்களிலுள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினருடையவை. மாநிறமும் கருமையும் கொண்ட நம் தோலில் புறங்கையைப் பார்த்தால் நிறமாற்றம் எளிதில் புலப்படாது. உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தின் அடிப்பகுதியையும் பார்த்தல் வேண்டும். வெளுத்த பகுதிக்கும் வெளுக்காத பகுதிக்கும் இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லை இருப்பின், அது ரேனோவின் அடையாளம்.

மதகு ஏன் இவ்வாறு அடைபடுகிறது? நரம்பு மண்டலம் முழுவதும் மிகையாகத் தூண்டப்படுவதே காரணம் என்று ரேனோ கருதினார். பின்வந்த பிரிட்டன் நாட்டு மருத்துவர் தாமசு லூயிசு, 1920களின் இறுதியில் செய்த ஆய்வுகளின் வழி, குறை விரலின் இரத்தக் குழாயிலேயே உள்ளது என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பதை இன்றைய அறிவியல் காட்டுகிறது. நரம்பு அனுப்பும் 'சுருங்கு' என்னும் ஆணையை ஏற்கும் ஏற்பிகள் குழாயின் சுவரில் உள்ளன. குளிரும்போது அவற்றுள் ஒரு வகை மிகுதியாக வெளிவந்து, சிறிய ஆணையையும் பேராணையாக ஏற்கின்றன. 2023ஆம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் 4,40,000 பேரின் மருத்துவப் பதிவுகளையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுள் 5,000க்கு மேற்பட்டோர் ரேனோ உடையவர். இத்தகைய ஏற்பி ஒன்றின் மரபணுவிலேயே இந்நோய்க்கான சார்பு இருப்பதை அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. தாய்க்கு இருந்தது மகளுக்கும் வருவதன் மருமம் இதனால் ஓரளவு துலங்குகிறது.

இரு வகை, இரு வேறு விதி

ரேனோவை இரு வகையாகப் பகுத்துணர்வது இன்றியமையாதது. முதலாவது தனித்த வகை. இதற்குப் பின்னணியில் வேறு நோய் ஏதும் இராது. மக்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேரிடம் ரேனோ காணப்படுவதாகக் கணக்கிடுகின்றனர். குளிர்நாடுகளில் இவ்வளவு கூடுதலாகும். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இத்தனித்த வகையினர். பெண்களுக்கே மிகுதியாக வரும். பதினைந்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையே, அதாவது கல்லூரிப் பருவத்தில், தொடங்கும். இரு கைகளிலும் ஒத்த அளவில் தோன்றும். விரல்நுனியில் புண் உண்டாகாது. உயிருக்கும் உறுப்புக்கும் இதனால் ஊறு இல்லை. குளிரிலிருந்து கையைக் காத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது சார்பு வகை. இது வேறொரு நோயின் வெளிப்பாடு. வீட்டினுள் தீப்பற்றியதை வெளியே காட்டும் புகை போன்றது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் இவ்வகையில் முதலிடம் பெறுகின்றன. அவற்றுள்ளும் தோல் இறுகிக் கெட்டிப்படும் ஸ்கிளீரோடெர்மா என்னும் நோய் முதன்மையானது. அந்நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ரேனோ உண்டு. பலருக்கும் தோல் இறுகுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே விரல் வெளுக்கத் தொடங்கிவிடுகிறது. லூப்பஸ் முதலிய பிற தன்னெதிர்ப்பு நோய்களிலும் இது தோன்றும். இந்நோய்கள் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்க வல்லவை. தொடக்கத்திலேயே கண்டால் கட்டுக்குள் வைக்க மருந்துகள் உள்ளன. நாள் கடந்து கண்டால் இழந்த நுரையீரலை மீட்க இயலாது. விரல் வெளுப்பது சில ஆண்டுகள் முன்கூட்டியே வந்த தூது எனின், அத்தூதைத் திருப்பியனுப்புவது அறிவுடைமையாகுமா?

எவ்வாறு பிரித்தறிவது? பின்வரும் அடையாளங்களுள் ஒன்றேனும் இருப்பின் தாமதமின்றி மருத்துவரை அணுகுதல் வேண்டும். முப்பது வயதைக் கடந்த பின் முதன்முதலாக விரல் வெளுத்தல். ஒரு கையில் மட்டுமோ, ஓரிரு விரல்களில் மட்டுமோ தோன்றுதல். விரல்நுனியில் ஆறாத புண்ணோ, குழிந்த வடுவோ, கருமையோ காணுதல். விரல் தடித்து, போட்டிருந்த மோதிரம் இறுகுதல். தோலைக் கிள்ளி எடுக்க முடியாதபடி கெட்டிப்படுதல். உணவு தொண்டையில் இறங்காமல் நிற்றல். படியேறினால் மூச்சு வாங்குதல். மூட்டுவலி, முகத்தில் செம்படை, அளவு கடந்த முடி உதிர்தல். ஆண்களுக்கு இந்நோய் வந்தால், பின்னணியில் வேறு காரணம் உண்டா என்று தேடுவதில் கூடுதல் கவனம் தேவை.

மருத்துவர் செய்யும் சோதனைகள் பெருஞ்செலவினவும் அல்ல, அச்சுறுத்துவனவும் அல்ல. நகக்கண்ணில் ஒரு துளி எண்ணெய் இட்டு, பெருக்கிக் காட்டும் கருவியால் பார்த்தால் அங்குள்ள நுண்குழாய்கள் தெரியும். தனித்த வகையினருக்கு அவை சீப்பின் பற்கள் போல வரிசையாக நிற்கும். ஸ்கிளீரோடெர்மாவின் தொடக்கத்தில் அவை வீங்கியும் சிதைந்தும் இடையிடையே இல்லாமலும் இருக்கும். இதனுடன் இரத்தத்தில் ஏ.என்.ஏ. என்னும் சோதனையும் இரத்தச் சிவப்பணு படிவு வேகச் சோதனையும் செய்யப்படும். நகக்கண்ணும் இரத்தமும் தெளிவாக இருந்து, புண்ணும் இல்லையெனின், அது தனித்த வகையே என்று பெரிதும் நம்பலாம். மருத்துவர் அறையின் வெதுவெதுப்பில் விரல் வெளுக்காது. ஆதலால் வெளுத்திருக்கும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கொண்டுசென்று காட்டுவது பெரிதும் உதவும்.

கல்லும் கருவியும்

இனி நம் வட்டாரத்திற்கு நெருக்கமான காரணம் ஒன்றைக் காண்போம். அது அதிர்வு.

அமெரிக்க நாட்டு இந்தியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்னும் ஊர் சுண்ணக்கற் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிர்காலத்தில் வெளுத்து மரத்துப்போவதை 1918ஆம் ஆண்டு ஆலிசு ஆமில்டன் என்னும் பெண் மருத்துவர் ஆராய்ந்து வெளியிட்டார். அதற்கு முன்னரே 1911இல் இத்தாலியில் லோரிகா என்பவர் இதனைக் குறித்திருந்தார். கையில் பிடித்த கருவி ஒரு நொடிக்குப் பல முறை அதிர, அவ்வதிர்வு ஆண்டுக் கணக்கில் விரலின் நுண்குழாய்களையும் நரம்புகளையும் சிதைக்கிறது. கருவியைப் பிடித்த விரல்கள் முதலில் நுனியில் வெளுக்கும்; பிறகு வெளுப்பு அடி நோக்கிப் பரவும். இறுதியில் சட்டைப் பொத்தானைப் போடவும் நாணயத்தைப் பொறுக்கவும் கூட விரலுக்கு உணர்வு இராது. பிரிட்டனில் 1985ஆம் ஆண்டு இது இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல், ஒரு தொழிலாளி ஒரு நாளில் எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்பதற்கே வரம்பு விதித்தது.

நம் சேலம், நாமக்கல் சமவெளியோ கல்லோடும் கருவியோடும் பிறந்தது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் எடுக்கின்றனர். ஊர்தோறும் கல்லுடைக்கும் குவாரிகள் உள்ளன. கிணற்றை ஆழப்படுத்த கம்ப்ரசர் வைத்துப் பாறையில் துளையிடுகின்றனர். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று துளையிடுகின்றன. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் கிரைண்டர் ஓயாமல் சுழல்கிறது. இத்தொழில்களில் கைக்கருவி பிடிப்போர் பெரும்பாலும் இளைஞர். விரல் மரத்தால் "வேலைக் களைப்பு" என்று சொல்லிக் கையை உதறிவிட்டு மீண்டும் கருவியை எடுப்பர். தொடக்க நிலையில் அதிர்வை நிறுத்தினால் நோய் பின்வாங்கும். முற்றிய பின் நிறுத்தினால் உணர்வு முழுதும் திரும்புவதில்லை.

கல்தொழிலாளிக்கு மற்றோர் இடரும் உண்டு. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது பலரும் அறிந்தது. அத்தூசை நெடுங்காலம் சுவாசித்தோர்க்கு ஸ்கிளீரோடெர்மா வருவதுண்டு என்பதைப் பலர் அறியார். 1914இல் பிராம்வெல் என்னும் இசுக்காத்துலாந்து மருத்துவர் கற்றச்சரிடமும், 1957இல் எராசுமசு என்பவர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தாரிடமும் இதனைக் கண்டு எழுதினர். ஆகவே, குவாரியில் பணிபுரிந்த ஒருவருக்கு விரல் வெளுத்தால், அதிர்வு, தூசு ஆகிய இரண்டையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீரைத் தெளித்துக்கொண்டு துளையிடுதல், கூர்மழுங்காத துளைக்கம்பியைப் பயன்படுத்துதல், கருவியைப் பழுது நீக்கி வைத்தல், தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்காதிருத்தல், மாற்றாள் வைத்து இடையிடையே ஓய்தல் ஆகியன செலவு குறைந்த தற்காப்புகள். பட்டறை நடத்துவோரும் குவாரி நடத்துவோரும் நம் சமுதாயத்தில் உள்ளனர். அவர்கள் இவற்றைத் தம் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.

பீடியும் கால்விரலும்

ரேனோவைப் போலத் தொடங்கி, அதனினும் கொடிதாக முடியும் நோய் ஒன்று உண்டு. 1908ஆம் ஆண்டு நியூயார்க்கில் லியோ பெர்கர் என்னும் மருத்துவர், வெட்டியெடுக்கப்பட்ட 11 கைகால்களை ஆராய்ந்து இதனை விளக்கினார். பெர்கர் நோய் எனப்படும் இதில், கைகால்களின் தமனிகளும் சிரைகளும் அழன்று, குருதி உறைந்து அடைபடுகின்றன. ரேனோவில் குழாய் சுருங்கி மீண்டும் விரிகிறது. பெர்கர் நோயில் அடைந்த குழாய் அடைந்ததே. இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பத்தில் நால்வருக்குக் குளிரில் விரல் வெளுக்கும் ரேனோ அடையாளமும் உண்டு என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள இடமாகிறது.

இது புகையிலையின்றி வருவதில்லை என்றே சொல்லலாம். நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்களிடம் மிகுதி. இந்தியாவில் பீடி புகைப்போரிடம் மிகுதி. பீடியின் இலை காற்றை எளிதில் உட்புகவிடாது. அணையாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். ஆதலால் சிறிய பீடி, பெரிய சிகரெட்டை விடக் குறைந்த தீங்கினது அன்று. நடக்கும்போது பாதத்தின் வளைவில் வலி எடுத்து, நின்றால் தணிதல். இரவில் கால்விரல் வலிக்க, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சற்றுத் தணிதல். விரல்நுனியில் ஆறாத புண் ஆகியவை இதன் அடையாளங்கள். செருப்புக் கடித்த புண் என்று எண்ணி மாதக் கணக்கில் களிம்பு தடவுவோர் உண்டு.

இதற்கு ஒரே மருந்து புகையிலையை முற்றிலும் விடுதல். 'குறைத்துக்கொண்டேன்' என்பது இங்கே எடுபடாது. நாளுக்கு ஓரிரண்டு பீடியும் வாயில் அடக்கும் புகையிலையும் கூட நோயை வளர்க்கும். அமெரிக்காவின் க்ளீவ்லண்ட் மருத்துவமனையார் 112 நோயாளிகளை ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட செய்தி இதற்குச் சான்று. புகைத்தலை விட்டவர்களில் நூற்றுக்கு 94 பேர் உறுப்பை இழக்காமல் தப்பினர். தொடர்ந்து புகைத்தவர்களில் நூற்றுக்கு 43 பேர் விரலையோ காலையோ இழந்தனர். இதனினும் தெளிவான அறிவுரையை எவர் தரவல்லார்? பெரியவர்களுக்கு ஒரு சொல்: நீரிழிவும் முதுமையும் உடையோர்க்குக் காலில் குருதி குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. காலில் நாடித்துடிப்பு உள்ளதா என்று மருத்துவர் தொட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுதல் நலம்.

அன்றாட வாழ்வில் காப்பு

குளிரும் ஈரமும் சேர்ந்தால் தாக்கம் இரட்டிப்பாகும். ஈரம் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக் கழுவும் பெண்களின் கைகள் நாள் முழுதும் ஈரத்தில் இருக்கின்றன. அறுவடைக் காலத்தில் பனிக்காலமும் அடங்கும். ரேனோ உடைய பெண்ணுக்கு ரப்பர்க் கையுறையும் அதனுள்ளே பருத்திக் கையுறையும் தருவதும், கழுவும் பணிக்குப் பதில் உலர்ந்த பணியை ஒதுக்குவதும் எளிய உதவிகள்.

மார்கழி விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடும் பெண்களும், மாலையணிந்து தண்ணீரில் தலைமுழுகும் அன்பர்களும், ஸுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யும் நம்மவரும் இந்நோயை முதலில் உணரும் நேரம் அதுவே. ஒளுவுக்கு நீரை வெதுவெதுப்பாக்கிக்கொள்ள மார்க்கத்தில் தடை ஏதும் இல்லை. தண்ணீர் உடலுக்குத் தீங்கு செய்யும் நிலையில் தயம்மும் என்னும் சலுகையும் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தார் பனிக்காலத்தில் முதியோர்க்கும் நோயாளிகட்கும் வெந்நீர்க் குழாய் ஒன்று அமைப்பின், அது மருத்துவ உதவியாகவும் அமையும்.

கையை மட்டும் மூடினால் போதாது. உடல் குளிர்ந்தால் விரலுக்குச் செல்லும் மதகு தானே மூடும். ஆகவே, மார்பும் கழுத்தும் தலையும் முதலில் காக்கப்பட வேண்டும்; காலுறை அணிதல் வேண்டும். ஏர்க்காட்டுக்குச் சுற்றுலா செல்லும் மாணவரும், குளிரூட்டிய கணினிக் கூடங்களில் பணிபுரிவோரும், மேற்படிப்புக்காகத் தில்லிக்கும் கனடாவுக்கும் செல்வோரும் இதனை நினைவிற் கொள்க.

விரல் வெளுத்துவிட்டால் வெதுவெதுப்பான இடத்திற்குச் சென்று, கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தலாம். கைகளைப் பெரிய வட்டமாகச் சுழற்றலாம். நெருப்பில் காட்டுதலும் கொதிநீரில் அமிழ்த்தலும் கூடா. மரத்த விரல் சூட்டை உணராது. வெந்த பின்னரே தெரியும். நக்கீரர் காட்டிய கோவலர் போல நாமும் குளிரில் நெருப்பை நாடுவது இயல்பே. ஆனால் மரத்த விரலுக்கு நெருப்பு நண்பன் அன்று.

மருந்தும் மருத்துவமும்

தனித்த வகையினருள் பலருக்கு மருந்தே வேண்டா. அடிக்கடி வந்து துன்புறுத்துமாயின், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் நிஃபெடிப்பின், அம்லோடிப்பின் ஆகிய மருந்துகள் குழாய்களை விரித்து உதவுகின்றன. தலைச்சுற்றலும் கால்வீக்கமும் தரவல்லவை ஆதலால் மருத்துவர் சொற்படியே உட்கொள்ள வேண்டும். விரல்நுனியில் புண் கண்டோர்க்கு இவற்றினும் வலிய மருந்துகளும், மருத்துவமனையில் சிரைவழி செலுத்தும் மருந்தும் உள்ளன.

நோயைத் தூண்டும் மருந்துகளும் உள்ளன. ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் எர்கோட்டமின், ஒற்றைத் தலைவலிக்கும் இரத்த அழுத்தத்திற்கும் தரப்படும் புரோப்ரனலால், சளிக்கு வாங்கும் மாத்திரைகளிலுள்ள சூடோஎபிட்ரின், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியன அவை. இவற்றை உட்கொள்வோர் தாமாக நிறுத்திவிடலாகாது. மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து கேட்டல் வேண்டும்.

முதற்படியாக ஆத்தூர் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவரைக் காணலாம். மேற்சோதனைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் தன்னெதிர்ப்பு நோய்களைக் கவனிக்கும் ருமாட்டாலஜி துறையும் இரத்தநாள அறுவைத் துறையும் உள்ளன. இத்துறை மருத்துவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் புதுவை ஜிப்மரிலும் உள்ளனர்.

அச்சமும் அசட்டையும் அகல

இந்நோய் தொற்றுநோய் அன்று; தொழுநோயும் அன்று. 'காற்று கருப்பு' பட்டதன் விளைவும் அன்று. விரல் நிறம் மாறுவதைக் கண்டு ஒரு பெண்ணின் திருமணப் பேச்சைத் தள்ளிவைப்பதும், அவள் கையை அனைவர்க்கும் மறைத்து வாழச் செய்வதும் அறியாமையின் விளைவுகள். தனித்த ரேனோ உடைய பெண் படிக்கலாம், பணிபுரியலாம், மணந்து மக்களைப் பெற்று நெடிது வாழலாம். மறைப்பதால் வரும் கேடு இதனினும் பெரிது. சார்பு நோய் ஒன்று உள்ளே வளருமாயின், மறைத்த ஆண்டுகளே அது வேரூன்றும் ஆண்டுகள்.

ஆகவே, மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் நாம் கேட்டுக்கொள்வது இதுவே. வகுப்பறையிலோ, பட்டறையிலோ, இல்லத்திலோ ஒருவர் விரல் குளிரில் வெளுப்பதைக் கண்டால், நகைத்து விடவும் வேண்டா. அஞ்சி விலகவும் வேண்டா. வயதென்ன, எத்தனை விரல், புண் உண்டா, கருவி பிடிக்கிறாரா, புகைக்கிறாரா என்னும் ஐந்து கேள்விகளைக் கேட்போம். ஐயுறத் தக்க விடை ஒன்று கிடைத்தாலும் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். கல்வி பெற்றவர் தம் அறிவை அண்டை வீட்டார் விரலுக்கும் பயன்படச் செய்யின், அதுவே கல்வியின் பயனாகும்.